சாய்த்துப் போட்ட நாற்காலி

மீன் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் விட்டுவிட்டேன். உடனே மறுபடி அடித்தது. என் வீட்டுக்காரர். பிளாண்டில் டூட்டியில் இருக்கும்போது அவர் வீட்டுக்குப் பேசுகிற வழக்கமே இல்லை. "ஜெசிந்தா போயிட்டா" என்றார். "அபுதாபிக்குத்தான? இன்னைக்கு அவளுக்குப் பயிற்சி நாள்லா" என்றேன் நான். "போயிட்டாட்டி" என்று அவர் மறுபடி சொன்னார். பிறகுதான் எனக்கு விளங்கியது.

பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றவள் தலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூளையில் ரத்தக்கசிவு. கூட வேலை பார்த்தவர்களே அவள் கண்ணை மூடிவிட வேண்டியதாயிற்று.

ரிஃபைனரி ஊரான இந்த ருவைஸில் இருக்கிற உங்களில் பலருக்கு அவள் ஊசி போட்ட சிஸ்டர். ஜெபக்கூட்டத்தாருக்கு முதல் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள். நான் எழுத நினைப்பது அவளுடைய கடைசி இரண்டு வருடப் படிப்பைப் பற்றி. அந்தப் படிப்பில் எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தாள்.

நர்சிங்கில் எம்.எஸ்சி. வரை ஏற்கெனவே முடித்தவள் அவள். அதற்குமேல் மனநல நர்சுகளுக்கான, முதுகலைக்குப் பிந்தைய சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் சேர்ந்தாள். வகுப்புகள் கம்ப்யூட்டரில். நோயாளிகளோடு பழகும் பயிற்சிக்கு மட்டும் லீவு நாட்களில் அபுதாபிக்குப் பஸ். "இந்த வயசுல எதுக்குட்டி இது? சம்பளம் கூடுமா?" என்று கேட்டேன். வீட்டுக் கணக்கும் ஜெபக்கூட்டத்துக் கணக்கும் எழுதுகிற நான் வேறெப்படிக் கேட்பேன்?

அவள் சிரிக்கவில்லை. கூலியாட்கள் தங்குகிற கேம்ப்பிலிருந்து வந்த ஒருவனைப் பற்றிச் சொன்னாள். நம் ஊர்ப்பக்கத்து விவசாயக் குடும்பம், கான்ட்ராக்ட் வேலை. நெஞ்சுவலி என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறான். இசிஜி எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். கடைசியாக வந்தபோது மாத்திரையை வாங்கிக்கொண்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். இவளுக்கு ஏதோ பட்டிருக்கிறது. "வேற ஒண்ணும் இல்லல்லாண்ணு கேட்டேன்க்கா. இல்ல சிஸ்டர்னான். அனுப்பிட்டேன்." அவனுடைய சாவுச் செய்தி அதற்கடுத்த வாரம் வந்தது. எப்படி என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நான் கேட்ட கேள்வியிலயே அவனுக்குப் பதில எழுதிக் கொடுத்திட்டேன். இல்லன்னு சொல்லு, எனக்கு அடுத்த ஆள் காத்திருக்குன்னு" என்றாள்.

படிப்பில் நோயாளியைப் பேட்டி காண்பது பெரிய பாடம். பழகிப் பார்க்க ஆள் வேண்டும். "நீங்கதான் என் நோயாளி" என்று ஒரு மத்தியானம் வந்து நின்றாள்.

"நான் பத்தாவதோட நின்னவ. எனக்கு என்ன தெரியும்?"

"சீக்காளியா இருக்கதுக்குப் படிப்பு எதுக்குக்கா?"

சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்தாள். நான் எதிரெதிராகப் போடப் போனேன். தடுத்துவிட்டாள். "நேருக்கு நேர் இருந்தா போலீஸ் ஸ்டேஷன். பக்கத்துல பக்கத்துல இருந்தா பஸ். கொஞ்சம் சாய்ச்சுப் போடணும். அவிய நம்மளப் பாக்கவும் செய்யலாம், பாக்காம சன்னலப் பாத்துட்டும் பேசலாம்." எங்கள் சன்னலில் பார்க்க என்ன இருக்கிறது? தூரத்தில் ரிஃபைனரியின் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் அவளுக்கு நோயாளியாக இருந்தேன்.

முதல் நாள் பெரிய தோல்வி. தூக்கம் வருகிறதா என்று கேட்டாள். "கர்த்தர் தூக்கம் தாராரு" என்றேன். பிள்ளைகளை நினைத்துக் கவலை உண்டா என்று கேட்டாள். "அவர் பார்த்துக்கிடுவாரு" என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "எக்கா, சீக்காளியா நடிக்கச் சொன்னா உபதேசியாராயிட்டீயளே! காய்கறிக் கணக்குல காலணாவ விடமாட்டீய. மனசுல உள்ளதுல மட்டும் ஒத்த வரி எழுத மாட்டேங்கீய." எனக்குச் சுருக்கென்றது. என் விசுவாசத்தைக் கேலி பண்ணுகிறாளோ என்று நினைத்தேன். அவளும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறவள்தான். "கர்த்தர் பாத்துக்கிடுவாரு, சத்தியம். ஆனா அவருகிட்ட என்னத்தக் குடுத்திருக்கோம்னு நமக்குத் தெரியணும்லா?" என்றாள். அடுத்த முறை கேட்டபோது, என் அம்மாவின் அடக்கத்தைப் போன் திரையில் பார்த்ததை நான் சொன்னேன். நடிப்பு அன்றோடு போயிற்று.

இன்னொரு கேள்வி இருந்தது. அதில் அவள்தான் தடுமாறினாள். செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்க வேண்டும். இத்தனை வருடம் வார்டில் நின்று எத்தனையோ மரணம் பார்த்தவளுக்கு அந்த இடத்தில் குரல் இறங்கிவிடும். "தப்பா ஏதும் நினைப்பு..." என்று இழுப்பாள். "அப்படில்லாம் ஒண்ணும்..." என்று நிறுத்துவாள். எங்கள் பேட்டியைப் போனில் பதிந்து அனுப்புவாள்; அவளுடைய டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, இது நோயாளிக்கான கேள்வி இல்லை, உன் பயத்துக்கான கேள்வி என்று சொன்னாராம்.

எனக்கும் அது பிடிக்கவில்லை. "ஜெபம் பண்ணுத வீட்டுல அந்த வார்த்தையச் சொல்லணுமா? கேட்டா, இல்லாதவனுக்கும் அந்த நினைப்பு வந்திராதா?"

"கேட்டு யாருக்கும் வராதுக்கா. படிச்சதுல அதத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுதாவ. ஏற்கெனவே உள்ள கெடக்கவனுக்கு, ஒரு ஆளுக்காவது இது தெரிஞ்சிருக்கேன்னு ஒரு மூச்சு வரும்."

அதன்பிறகு அந்த ஒரு கேள்வியை எத்தனை மத்தியானங்கள் என்னிடம் கேட்டிருப்பாள் என்று தெரியாது. வெங்காயம் உரிக்கும்போது கேட்பாள். லிஃப்டில் கேட்பாள். ஒருமுறை லிஃப்டில் எங்களோடு நின்ற பாகிஸ்தான்காரருக்குத் தமிழ் தெரியாதது எங்கள் நல்ல காலம். பழகப் பழக அவள் குரல் நேராயிற்று. காய்ச்சல் உண்டா என்று கேட்கிற குரலில் அதையும் கேட்டாள். "கேக்கது பாதிதான்க்கா. கேட்டபொறவு வாயப் பொத்திட்டு இருக்கதுதான் மீதி. நமக்கு அதுதான் வராது. உடனே ஆறுதல் சொல்லிருவோம்" என்பாள்.

அபுதாபிப் பயிற்சியில் சந்தித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தமிழ் ஆள் உண்டா, எந்த ஊர் என்று நான் குடைந்தால், "அது எங்கிட்ட நம்பி வச்சிட்டுப் போன சாமான். உங்களுக்கு எடுத்துக் காட்ட முடியாது" என்பாள். ஒருநாள் மட்டும் பஸ் இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னைக்கு ஒருத்தர் ஆமான்னு சொன்னாவ" என்றாள். அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் புரியாத அழுகை. "ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பயந்து இத்தன நாளு வாயத் தொறக்கலயாம். இப்ப அவியளுக்குத் தொணைக்கு ஆள் இருக்கு" என்றாள்.

படிப்பு முடியக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அதற்குள் அவள் போய்விட்டாள். அந்தச் சான்றிதழ் இனி வராது.

உடலைக் கணவர் ரெக்ஸ் ஊருக்குக் கொண்டுபோனார். கடற்கரைக் கோவிலில் மணி அடித்ததையும் பெட்டி இறங்கியதையும் நாங்கள் இங்கே போனில் பார்த்தோம். காற்றில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. மகளை நாகர்கோவிலில் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, லீவு முடிந்து, ரெக்ஸ் தனியாகத் திரும்பி வந்தார். நாமெல்லாம் போனோம். பாடினோம், ஜெபித்தோம், தைரியமாக இருங்கள் என்றோம். அவர் எல்லாருக்கும் டீ கொடுத்தார். நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினோம்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ரெக்ஸ் தன் தூண்டில்களை எங்கள் வாசலில் சாத்தி வைத்திருந்தார். "அண்ணன் வச்சிக்கிடட்டும்" என்று என் வீட்டுக்காரருக்கு மெசேஜ். கடற்கரையில் பிறந்த மனிதர். லீவு கிடைத்தால் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். பிரியமான பொருளை ஒருவர் திடீரென்று கொடுத்தால் கவனிக்கணும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். எனக்கு அடுப்பில் இருந்ததை இறக்கக்கூடத் தோன்றவில்லை. அணைத்துவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தார். குளித்து, சட்டை போட்டு, முடி வாரியிருந்தார். வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"ரெக்ஸ், செத்துப்போயிரணும்னு தோணுதா?"

என் குரல் அவள் குரல் மாதிரி நேராக இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். பிறகு சும்மா இருந்தேன். உள்ளே ஆயிரம் வேத வசனம் முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாக்கா" என்றார்.

வெகுநேரம் பேசினார். அதெல்லாம் அவர் என்னிடம் வைத்த சாமான். என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்ததும் நேரே வந்து அவரோடு தங்கினார். மறுநாள் காலையில், ஜெசிந்தா பஸ்ஸில் போன அதே ரோட்டில், அவள் பயிற்சி பெற்ற டாக்டரிடமே மூவரும் காரில் போனோம். ரெக்ஸ் இப்போது மருந்து எடுக்கிறார், வேலைக்கும் போகிறார். சில நாட்கள் நன்றாக இருக்கின்றன, சில நாட்கள் இல்லை. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா. நாலு பேரு கேக்கப் பழகட்டும். அவளுக்கு அதுதான வேணும்" என்றார்.

யாரோ ஒரு கேம்ப் ஆளுக்காக அவள் பழகிய கேள்வி, கடைசியில் அவள் வீட்டுக்கே தேவைப்பட்டது. அப்படித் தேவைப்படும்படி அவளை முன்கூட்டி எடுத்துக்கொண்டாயே என்று நான் தேவனிடம் சண்டை போடாத நாள் இல்லை. அந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை. நேராகும் என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்வியும், கேட்டபின் வாயைப் பொத்தியிருக்கிற அந்தக் கொஞ்ச நேரமும்தான். எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி எப்போதும் சன்னலைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும். என் வீட்டுக்காரர் போகிற வருகிற போதெல்லாம் அதை நேராக்குவார். ரெக்ஸுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, நான் மறுபடி சாய்த்துப் போடுவேன்.