டார்ச் லைட் ஸ்பிரிங்கும் எங்கள் அத்தை கல்யாணமும்

எல்லாம் மயிலம் முருகன் செயல். இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். அப்பா இருந்தவரை எழுதக் கை வரவில்லை. அவர் போன பிறகும், அவரைக் கிண்டல் செய்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று தள்ளிப்போட்டேன். போன கிருத்திகையன்று விளக்கேற்றும்போது, சந்தோஷமான விஷயம்தானே, எழுது என்று மனசு சொன்னது.

எண்பதுகளில் நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். அப்பா ஆயுதப்படை போலீஸ். விழுப்புரம் கஜானாவில் துப்பாக்கியோடு காவல் வேலை. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அவளைப் பெண் பார்க்க, விழுப்புரம் பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் வந்தார். அத்தை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதிலேயே அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

பஜ்ஜி, காப்பி முடிந்து, அப்பாதான் துப்பாக்கிப் பேச்சை எடுத்தார். தோட்டா அடுக்கும் மேகசினை எப்போதும் நிரப்பியே வைக்கக்கூடாதாம். உள்ளே ஸ்பிரிங் அமுங்கிக் கிடந்து சோர்ந்துபோகுமாம். டியூட்டி முடிந்ததும் தோட்டாவை எடுத்துவிட்டு, அதற்கு ஓய்வு கொடுப்பது தன் வழக்கம் என்றார் பெருமையாக. வந்தவர் சும்மா தலையாட்டியிருக்கலாம்.

"அப்பிடி இல்லீங்க. எல்லையில நாங்க மாசக்கணக்கா ரொப்பியேதான் வெச்சிருப்போம். ஒண்ணும் ஆவாது. சும்மா ரொப்பிக்கினும் எடுத்துக்கினும் இருந்தாத்தான் ஸ்பிரிங் தளரும்."

அப்பா முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் போனதும், முதல் நாளே எதிர்த்துப் பேசுகிறவனுக்கா பெண் கொடுப்பது என்றார். அத்தைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அம்மாதான் வழி சொன்னாள். டார்ச் லைட்டிலும் ஸ்பிரிங்தானே பேட்டரியை அமுக்கிப் பிடித்திருக்கிறது, இரண்டு டார்ச் வாங்கி வைத்துப் பார்த்தால் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடாதா என்றாள். தான்தான் ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில் அப்பா உடனே ஒப்புக்கொண்டார். தோற்றால் பெண்ணைத் தருவதாகக் காணைக்கும் சொல்லியனுப்பினார்.

ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு டார்ச். ஒன்றில் பேட்டரி போட்டு, மஞ்சள் கயிறு சுற்றி, முருகன் படத்தடியில் வைத்தார். அதை யாரும் தொடக்கூடாது. இன்னொன்று அவருடையது. ராத்திரி பேட்டரி போடுவார், காலையில் எடுத்து ஓய்வு கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

அவர் விழுப்புரம் பஸ் ஏறியதும், அத்தை அவருடைய டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். பேட்டரியைப் போட்டு மூடியைத் திருகுவாள். கழற்றுவாள். மறுபடியும் போடுவாள். வாய் முருகா, முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். விரல் நுனியெல்லாம் சிவந்துபோகும். மல்லாட்டையை ஓடு உடைத்துத் தின்றபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், என்ன அத்தை செய்யறே என்று கேட்டேன்.

"ஸ்பிரிங்குக்கு ரெஸ்ட் குடுக்கறேண்டி. உங்கப்பா ஒரு தடவதான் குடுக்கறாரு. பாவம், அதுக்கு எப்பிடிப் பத்தும்?"

அடுத்த லீவில் பட்டாளத்துக்காரர் வந்தார். இரண்டு டார்ச்சிலும் புதுப் பேட்டரி போட்டார்கள். கயிறு சுற்றியது பளிச்சென்று எரிந்தது. அப்பாவுடையது மினுக்கிவிட்டு அணைந்தது. உள்ளங்கையில் தட்டினார், எரிந்தது. ஆட்டினார், அணைந்தது. அப்பா திடீரென்று சிரித்துவிட்டார்.

"சரி மாப்ள, கை கழுவிக்கினு வாங்க, சாப்பிடலாம்."

மாப்ள என்று அவர் சொன்னதும் அத்தை உள்ளே ஓடினாள். எனக்கோ ஆச்சரியம். அத்தை இவ்வளவு ஓய்வு கொடுத்தும் இப்படி ஆகிவிட்டதே என்று கேட்க, "அப்பா, அத்தைதான் தினமும்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயில் ஒரு லட்டை வைத்து அடைத்தாள். அதை விழுங்குவதற்குள் இன்னொன்று வந்தது. கேட்காமலே இரண்டு லட்டு கிடைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

அத்தையும் மாமாவும் முருகன் புண்ணியத்தில் காணையில் நன்றாக இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் கெட்டிக்காரத்தனத்தைச் சேர்க்காமல், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். அத்தை பாவப்பட்டு அந்த ஸ்பிரிங்குக்கு ஓய்வு கொடுத்தாள் என்றே சொல்லுங்கள். இரும்பின் மேல்கூட இவ்வளவு இரக்கமா என்று, லட்டு தின்றபடி நான் அன்று அப்படித்தான் நினைத்தேன்.