பத்து மணி வண்டி

சித்தூரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்காக நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதுதான் என் வேலை. பங்காருபாளையம் பக்கத்துக் காலனிப் பெண்கள் எங்கள் சர்க்கரைப் பரிசோதனை வண்டிக்கு வருவதே இல்லை. ஏன் என்று அவர்களைக் கேட்காமலேயே, 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதி, சுவரொட்டிக்கும் கூட்டங்களுக்கும் பணம் கேட்டேன்.

நேரில் பார்க்க, நிதி தரும் அமைப்பின் அதிகாரி ஒருவர் டெல்லியிலிருந்து வந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. நான்தான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அந்தக் காலனியில் இருந்து மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகும் சுகுணாக்காவிடம், பரிசோதனைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டார்.

"சக்கரை முத்துனா காலையே எடுத்துருவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க நைனாவுக்கு எடுத்தாங்களே! உங்க வண்டி பத்து மணிக்கு வருது. அப்போ நாங்க ஃபேக்டரில மாங்கா அறுத்துக்கினு இருக்கோம்."

அப்படியே சொன்னால் நான் எழுதியது பொய்யாகிவிடும், நிதியும் போய்விடும். மாற்றிச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

சுகுணாக்கா என் முகத்தையே பார்த்தார். "நான் சொன்னத அப்டியே சொல்லும்மா."

சொன்னேன். தவறு என்னுடையது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அதிகாரி விண்ணப்பத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "இவர் சொன்னதை எழுதி அனுப்புங்கள்" என்றார்.

நிதி வந்தது. இப்போது வண்டி மாலையில், வேலை விட்டு வருபவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்திலேயே நிற்கிறது. முதல் நாள் முதல் ஆளாக விரலை நீட்டியவர் சுகுணாக்காதான்.

"மொதல்லயே எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போம் இல்ல?"

ஊசி குத்தியது அவர் விரலில். சுருக்கென்றது எனக்கு.