வெள்ளைப் பாவாடையில் ஒரு கறை

கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்குப் 'பளபளா' என்று பெயர். படங்களுக்குப் பிரேம் போடுகிற தொழில். கண்ணாடிக்கு அடியில் ஒரு தூசி சிக்கினால் மனுஷருக்குச் சாப்பாடு இறங்காது. சரி, தொழிலோடு நிற்கக் கூடாதா? பஸ்ஸில் பக்கத்து ஆளின் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கித் துடைத்துக் கொடுப்பார். கல்யாணமான புதிதில் என் முகத்தையே உற்று உற்றுப் பார்ப்பார். ஆசை என்று நினைத்துப் பூரித்துப் போனேன். கன்னத்து மச்சத்தை அழுக்கென்று நினைத்திருக்கிறார்!

இப்பேர்ப்பட்டவரிடம்தான் பள்ளிக்கூடத்து டென்னிஸ் டீச்சர் ஒரு போட்டோவைக் கொடுத்தார். உலக சாம்பியனான ஒரு வீராங்கனை, வெள்ளைப் பாவாடையில், மட்டையோடு சிரிக்கிற படம். அவசரத்தில் "பத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

மறுநாள் மறுபடி வந்தார்.

"பாவாடை மேல எழுதியிருக்குல்ல, அது பிரேம்ல மறைஞ்சிடக் கூடாதுங்க. சின்ன வயசுல அவகூட ஆடிப் படுதோல்வி. ஒரே ஒரு பாயின்ட்தான் எடுத்தேன். அதையும் யாரும் நம்பலை. அவ சாம்பியன் ஆனதும் தேடிப் போனேன். 'அந்த ஒரு பாயின்ட் உன்னுடையதுதான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா. நான் ரிடையர் ஆகுற விழாவுல எல்லாருக்கும் காட்டணும்."

இவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் தெருமுனை தாண்டியதும், "கறைன்னு நெனச்சு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டேன்மா. கோழி கிளறின மாதிரி இருந்துச்சு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "என் மச்சம் தப்பிச்சதே பெரிய விஷயம்!" என்று பொரிந்து தள்ளினேன். ஆனால் அந்த அம்மாவை நினைத்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கை சும்மா இருந்தால் அழுதுவிடுவார் போலிருந்தது. கறுப்புச் சட்டம் ஒன்றை எடுத்து உப்புத்தாளால் தேய்க்க உட்கார்ந்தார். தூள் பறந்து போட்டோ மேல் படிந்தது. பழக்க தோஷம், துணியால் ஓர் இழுப்பு இழுத்தார். அடுத்த இழுப்புக்குள் கையைப் பிடித்துவிட்டேன்.

"இன்னொரு தடவ கை வெச்சீங்க, அவ்வளவுதான்!"

பாவாடையில் எழுத்து எட்டிப் பார்த்தது. பால்பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாள் புண்ணியவதி. மை போனாலும் தடம் பள்ளமாக நின்று, கறுப்புத் தூளைப் பிடித்து வைத்திருந்தது. மிச்சத்தை மெல்ல ஊதிவிட்டுக் கண்ணாடி போட்டு மூடினார்.

"டீச்சர்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா இந்தத் தெருவுல எவன் என்கிட்ட படம் குடுப்பான்? நீ வாயை மூடிக்கிட்டு இரு."

விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். காகிதம் சுற்றிக் கொடுத்த படத்தை அங்கேதான் பிரித்தார்கள். அதைச் சுற்றி ஒரே கூட்டம். டீச்சரோடு அந்தக் காலத்தில் ஆடிய ஒருத்தி கிட்டே போய்ப் பார்த்து, "இது மையே இல்லையே! பென்சில் தூள் மாதிரில்ல இருக்கு. ஏம்மா, நீயே எழுதிக்கிட்டியா?" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது.

டீச்சர் படத்தையே பார்த்தார். "நீல மையிலதானே எழுதினா..." என்றார். பாவம், கூனிக்குறுகி நின்றார்.

நாற்காலி தடாலென்று விழுந்தது. பார்த்தால், என் வீட்டுக்காரர் எழுந்து நிற்கிறார்.

"நீல மைதாங்க! அழிச்ச பாவி நான்தான். கறைன்னு நெனச்சு இந்தக் கையாலதான் துடைச்சேன். ஸ்பிரிட் போட்டும் அந்தப் பாயின்ட் போகலைங்க!"

சிரிப்பு நின்றுவிட்டது. திட்டப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். டீச்சரோ நேரே வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல எனக்குன்னு எழுந்து நின்ன ஒரே சாட்சி நீங்கதாங்க."

இவருக்குக் கண்ணீர் வழிந்து காலர் வரைக்கும் வந்துவிட்டது. மனுஷர் துடைக்கவே இல்லை.