சாமி அலுமாரியில் மூன்று கொப்புகள்

ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடி வளர்க்க இந்த நாட்டில் அனுமதி இருக்கிறது. இடுப்பு நோவுக்காக நான் ஒன்று வைத்திருந்தேன். அது முற்றிப்போகத் தொடங்கியதும் மூன்று நுனிக் கொப்புகளை வெட்டி, ஈர மண்ணில் ஊன்றி, புரியாணி வாங்கிவந்த பெட்டியின் மூடியால் மூடினேன். வேர்விட இளஞ்சூடு வேண்டும். இங்கே மல்வேர்னில், பனி உறைகிற பெப்ரவரி மாதத்து யன்னலோரம் அதைத் தராது. சாமி அலுமாரிக்குள் பழைய சின்ன பல்ப் ஒன்று பகல் முழுக்க எரியும். அதன் கீழ்த்தட்டில் வைத்தேன்.

"பிள்ளையாருக்குக் கீழ வைக்கிற சாமானோ உது?" என்றாள் மனைவி.

"அவற்ற தேப்பனுக்குப் பழக்கமான சாமான்தான்," என்றேன். இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பொலிஸுக்கு நான் பயப்படவில்லை. எங்கள் சனத்துக்குத்தான் பயந்தேன்.

சனிக்கிழமை மனைவியின் கோயில் சிநேகிதி வந்தார். எந்த விரதத்தையும் விடாதவர். நான் தடுக்கமுன் அலுமாரியைத் திறந்து, கும்பிட்டு, விபூதி பூசினார். பிறகு குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தார். செவ்வந்திக் கொப்பு என்று பொய் சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணை, மூடி வேர்த்துக் கிடக்கு. ஒருக்காத் திறந்து விடுங்கோ, இல்லாட்டிக் கொப்பு அழுகிப்போடும்," என்றார். "நான் பிறிஜ்ஜுக்கு மேலதான் வைக்கிறனான்."

மனைவி தேத்தண்ணி போடப் போனாள்.

மாலையில் பார்த்தேன். சிநேகிதி போகும்போது கீழ்த்தட்டில் இருந்த பெட்டி மேல்தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், பல்புக்குக் கிட்ட இருந்தது. மாற்றி வைத்தது நான் இல்லை.