கிளம்பாத ஜீப்

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சர்க்கரை இல்லை, முட்டிவலி இல்லை. என்னோடு ஏற்காட்டில் படித்தவர்கள் பல பேர் மாத்திரை டப்பாவோடு அலைகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதற்குள்ளேயே பெற்றவர்களைவிடக் கனம். நான் தப்பியது எங்கள் எஸ்டேட் ஜீப் காலையில் கிளம்பாமல் நின்ற புண்ணியம்.

எண்பதுகளில் அப்பா மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து மேனேஜர் ஆனார். ரைட்டராக இருந்தவரை தோட்டம் முழுவதையும் நடந்தே சுற்றியவர். மேனேஜரானதும் முதலாளி ஜீப்பும் டிரைவரும் கொடுத்தார். அதோடு அப்பாவின் கால்களுக்கு வேலை போயிற்று. கூப்பிடு தூரத்தில் காப்பி காயும் களத்துக்கும் ஜீப்தான். வீட்டில் ராகிக் களி நின்று மூன்று வேளையும் அரிசி வந்தது. மேனேஜர் வீட்டில் களி கிண்டினால் கௌரவம் என்னாவது? சட்டைப் பொத்தான்கள் வயிற்றோடு மல்லுக்கு நின்றன. பார்க்கிறவர்கள் எல்லாம், "பதவி நல்லா ஒத்துக்கிச்சுங்க" என்று வாழ்த்தினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறும் இடம்வரை ஜீப்பில் போன நானும் அப்பாவுக்குச் சளைக்காமல் ஊதிக்கொண்டிருந்தேன்.

கண் மங்குகிறதென்று சேலம் போன அப்பாவிடம், சர்க்கரை என்றார் டாக்டர். எடையைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும். அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. காரணம் பெரியப்பா. சேலத்தில் அரிசிக்கடையில் உட்கார்ந்தே பருத்தவர். கட்டைவிரலில் வந்த சர்க்கரைப் புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்திருந்தார்கள்.

"ஏனுங்க, நாளையிலிருந்து நடந்து போங்க" என்றாள் அம்மா.

"நடந்து போனா, ஜீப்பைப் புடுங்கிட்டாங்கன்னு ஆளுங்க சிரிப்பாங்க" என்றார் அப்பா.

அம்மா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் டிரைவரிடம் போய் நின்றாள். அவர் அப்பாவுக்குப் பயந்தவர். அம்மாவுக்கு அதைவிடப் பயந்தவர். மறுநாள் விடியும்போது அவர் பேட்டரி வயரைக் கழற்றுவதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள்.

"என்னன்னே தெரியலீங்க, குளிருக்கு மக்கர் பண்ணுதுங்க" என்று டிரைவர் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். பாவம், சிரிப்பை மறைக்க வேறு இடமில்லை. அப்பா ஜீப்பையும் குளிரையும் சேர்த்துத் திட்டிவிட்டுக் குடையை எடுத்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அந்த ஜீப்பைப் போல நோஞ்சான் வண்டி சேர்வராயன் மலையிலேயே இருந்திருக்காது. காலையில் கிளம்பாது, மத்தியானம் சரியாகிவிடும். "ஜீப் இல்லீங்களா?" என்று யாராவது கேட்டால், "ரிப்பேருங்க" என்று கம்பீரமாகச் சொல்வார் அப்பா. அவர் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். என் பாவாடைகளும் இடுப்பில் நிற்க மறுத்தன.

ஒருநாள் டிரைவர் மறந்துவிட்டார். அன்று விடிகாலையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வயரைத் தொடாமலே வண்டியில் ஏறிவிட்டார். சாவியைத் திருப்பியதும் ஜீப் அமர்க்களமாகக் கிளம்பியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. சமையலறை ஜன்னலில் அம்மா கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

அப்பா ஏறி உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். பிறகு இறங்கினார்.

"சத்தமே சரியில்லையே. பாதி வழியில நின்னுக்கும். நிறுத்திருப்பா."

வளைவு தாண்டியதும் நான் கேட்டேன். "அப்பா, ஜீப் நல்லாத்தானுங்க இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. மொத வாரமே வயரு தொங்கறதைப் பாத்துட்டேன். உங்கம்மாகிட்டச் சொல்லீராத. நொம்பப் பாடுபட்டுப் பண்றா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா விட்டுருவா. அப்பறம் என்ன சாக்குச் சொல்லிட்டு நான் நடக்கறது?"

நான் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் என் கல்யாணம் நடந்தது. ஒற்றைக் காலோடு வந்த பெரியப்பாவை வாசலிலிருந்து தோள்கொடுத்துக் கூட்டி வந்தவர் அப்பா. தன் இரண்டு கால்களையும் ஊன்றி, மெதுவாக, மணவறை வரைக்கும். ஓரத்தில் நின்ற அம்மாவும் டிரைவரும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாலையோடு எழுந்து அவர்கள் இருவரையும் கும்பிட்டேன்.