ஏற்றமரத்துக் குதிரை

மைன்ஸ் குவார்ட்டர்ஸில் மற்றவர்கள் ரேடியோ வைக்க ஆசைப்பட்ட இடத்தில் என் வீட்டில் மரச்சாமான்கள் இருந்தன. ஒரு வேலையில் உழைத்து ஓய்ந்த மரத்தில் யாரோ செய்த பொருள்களைத்தான் நான் சேர்த்தேன். வண்டிச் சக்கரத்தின் நடுக்குடத்தைக் குடைந்த அஞ்சறைப் பெட்டி, ஏர் மேழியில் செதுக்கிய கிளி, மைன்ஸுக்கு ஜெர்மனியிலிருந்து மெஷின் வந்த பெட்டிப் பலகையில் கான்ட்ராக்ட் தச்சர் ஒருவர் புதிதாகச் செய்து கொடுத்த யானை. யானையின் வயிற்றில் ஜெர்மன் எழுத்துகள் அப்படியே இருந்தன. ட்ராயிங் ஆபீசில் என்னைக் 'கட்டை சார்' என்று கேலி பேசுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

நான் உயிரை விட்டது முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு வீட்டில் இருந்த குதிரைக்கு. முறிந்துபோன ஏற்றமரத்தின் துண்டில் வீட்டுக்காரரின் தாத்தா செதுக்கியது, முழ உயரம். தண்ணீர் இறைக்க ஏற்றத்தின் மேல் நடந்து நடந்து கால்கள் மரத்தில் பள்ளம் போட்டிருந்தன. மனிதர் அந்தப் பள்ளத்தில் உளியே படாமல் விட்டு, அதையே குதிரையின் சேணமாக்கியிருந்தார். அதில் கட்டைவிரலை வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று முறை போனேன். மூன்று முறையும் "என்ன விலை?" என்றுதான் ஆரம்பித்தேன். "வூட்டுப் பொருளுங்க, விக்கறதுக்கு இல்ல" என்று அந்த வீட்டு அம்மா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதே குதிரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். மைன்ஸில் ஃபிட்டர். என் அலமாரியைப் பார்த்துத்தான் அவனுக்கும் இந்த ஆசை வந்திருந்தது.

"அந்த வூட்டுக்காரரு நம்ம ஷிஃப்டுதான் சார். பம்பு ஓடலன்னு சொல்லிக்கினு இருந்தாரு, போயி சரி பண்ணிக் குடுத்தேன். இதையே பாத்துக்கினு இருந்தனா, எடுத்துக்கினு போன்னுட்டாங்க. நல்லதுங்களா சார்? நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

ஆறு மாதமாக நாயாய் அலைந்தவன் நான். இவனுக்குப் பாழாய்ப்போன ஒரு பம்புக்குச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! பள்ளம் எப்படி வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"வேலை மட்டம் தம்பி. முதுகுல பாருங்க, பள்ளம். சொத்தை மரம், மறைக்கத் தெரியல."

அவன் முகம் வாடிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கொஞ்ச நாள் போகட்டும், யானையைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தினமும் ஆபீஸ் போகும்போது அவன் ஜன்னலைப் பார்ப்பேன். குதிரை கண்ணில் படவில்லை. சலித்துப்போய் மூலையில் போட்டுவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

பத்தாம் நாள் செய்தித்தாளில் சுற்றிய குதிரையோடு வந்தான். பிரித்தால், பளபளவென்று சிவப்பு எனாமல். முதுகு நேராக இருந்தது.

"நீங்க சொன்ன கொறைய எடுத்துட்டேன் சார். ஷிஃப்டு முடிச்சுக்கினு மூணு நாளு உங்க யானைய செஞ்ச தச்சரு கூடவே குந்திக்கினு இருந்தேன். உங்களுக்குத்தான் சார். உங்க வூட்ல இருந்தாத்தான் இதுக்கு மரியாத."

"நல்லா இருக்கு" என்றேன்.

மறுநாளே தச்சரிடம் ஓடினேன். எனாமலைச் சுரண்டிப் பள்ளத்தை மறுபடி எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் கலந்து அடைத்ததாகவும், பிடிப்பு வேண்டும் என்று அதற்கு முன்பே பள்ளம் முழுவதையும் உளியால் கொத்திவிட்டதாகவும் சொன்னார். திரும்பி வந்தேன்.

ஆசைப்பட்ட குதிரை என் அலமாரியிலேயே நின்றது. அவன் எப்போது வந்தாலும் நேரே அதனிடம்தான் போவான். தோள் துண்டால் முதுகைத் துடைப்பான். ஒருநாள் என் பக்கம் திரும்பினான்.

"பள்ளம் எங்க இருந்துச்சின்னு காட்டுங்க சார் பாப்போம்."

எடுத்த எடுப்பில் என் கட்டைவிரல் சரியாக அங்கே போய் நின்றது.

"அட, எப்பிடி சார்!" என்று கைதட்டிச் சிரித்தான். நான் கையை எடுத்துக்கொண்டேன்.