இடதுபக்க எஞ்சின் மவுண்ட்

ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வெளியே, பாவனையில் இல்லாத ஒரு விமான ஓடுபாதையில் படப்பிடிப்பு. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அறுபதுகளில் செய்த அமெரிக்க வண்டி ஒன்று முழு வேகத்தில் வந்து, கமராக்களுக்குப் பத்து மீற்றர் முன்னால் நிற்க வேண்டும். ஓட்டப்போகிறவர் பெட்ரா என்ற சாகச ஓட்டுநர். கமராக்களுக்குப் பின்னால் ஆறு பேர் நிற்பார்கள்.

நான் வேலை செய்த கராஜ் பழைய அமெரிக்க வண்டிகளைத் திருத்திப் படங்களுக்குக் கொடுக்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் என் பொறுப்பு. அதற்கு முந்திய வாரம்தான் அந்த வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கி, தேய்ந்த கிளச் தட்டுகளை மாற்றி, ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

காலையில் எஞ்சினைச் சூடாக்கும்போது எஞ்சின் மூடியான பொனெற்றைத் திறந்து வைத்திருந்தேன். வண்டியை ஏற்றி வந்த லொறிச் சாரதி யோகன் உள்ளே இருந்து, பிரேக்கை மிதித்தபடி கியரை டிரைவில் போட்டு அக்ஸிலரேற்றரைக் கொஞ்சம் அழுத்தினான். எஞ்சினின் இடதுபக்கம் மூன்று விரல் உயரத்துக்கு எழும்பியது. அது அக்ஸிலரேற்றர் கம்பியையும் சேர்த்து இழுக்க, அவன் காலை எடுத்த பிறகும் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. யோகன் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டான்.

கீழே படுத்துப் பார்த்தேன். எஞ்சினைத் தாங்கும் மவுண்டில் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் ரப்பர் விட்டுப்போயிருந்தது. எஞ்சினின் பாரம் அமத்திக்கொண்டிருந்ததால் மேலிருந்து பார்க்க நல்லதாகவே தெரிந்தது. போன வாரம் ஒரு கம்பியால் நெம்பிப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். நான் பார்க்கவில்லை.

பதற்றத்தில் எனக்கு ஜெர்மன் வராது. யோகன் ஜெர்மனியிலேயே படித்தவன்.

"போய்ச் சொல்லு, இந்த வண்டி ஓடேலாது. நான் ஒழுங்காப் பாக்கேல்லை, பிழை என்ரை எண்டும் சொல்லு."

"அண்ணை, உங்கட வேலை போயிடும். வேறை ஏதும் சாட்டுச் சொல்லுவமே?"

"சாட்டுச் சொன்னா, ஒருக்கா ஓடிப் பாப்பம் எண்டுவினம்."

அவன் போனான். தூரத்தில் தயாரிப்பு மேலாளர் கைகளை வீசிக் கத்துவது தெரிந்தது. பெட்ரா மட்டும் நேராக என்னிடம் வந்து காட்டச் சொன்னார். எஞ்சின் எழும்புவதைக் காட்டினேன். கையுறைகளைக் கழற்றிக்கொண்டு, இன்று ஓட்டமாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் முதலாளி வெர்னர் புது மவுண்டுகளைத் தானே கொண்டு வந்தார். இருவருமாக இரண்டு பக்கமும் மாற்றினோம். பிறகு நான் கையெழுத்திட்ட சோதனைப் பட்டியலைக் கேட்டார். வேலை போகிறது என்றே நினைத்தேன். அவரோ அதன் அடியில், மவுண்டை நெம்பிப் பார்க்கவும் என்று ஒரு வரி எழுதினார். பட்டியலில் இது இல்லாதது தன் பிழை என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். கையெழுத்துப் போடுமுன் எதைப் பார்த்தோம் என்று மட்டுமல்ல, எதைப் பார்க்கவில்லை என்றும் யோசியுங்கள். பிழை தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

அடுத்த நாள் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. பெட்ரா இறங்கி வந்து, லொறி ஓட்டுகிறவர் எஞ்சினில் என்ன பிழை விட்டார் என்று என்னைக் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "நாங்கள் பிழை விட்டுவிட்டோம்" என்றுதான் யோகன் முதல் நாள் எல்லோருக்கும் சொன்னானாம்; என் பிழை என்று சொல்லவேயில்லையாம்.

யோகனிடம் போய்க் கேட்டேன்.

"தனிய உங்களைக் காட்டிக்குடுக்க எனக்கு ஏலாமப் போச்சு, அண்ணை" என்றான், வண்டியை லொறியில் ஏற்றிப் பட்டியை இறுக்கியபடி.